வாத்து எந்தப் பக்கம்

எல்க் ரிட்ஜ், அயோவா
1976 மார்ச் 9

அன்புள்ள ஆர்விட் அண்ணனுக்கு,

தங்கை வெர்னா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் மடங்குகிறதா, பூனை உயிரோடு இருக்கிறதா என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆண்பிள்ளையின் அலமாரியிலிருந்து ஒரு கோட்டைத் திருடிக்கொண்டு வந்துவிட்டேன். ஐம்பது வயதில், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு. ஜன்னல் திரைகளைத் துவைத்துத் தருகிறேன் என்று சொல்லி, கோட்டைத் திரைகளுக்குள் சுருட்டி, அவர் கண்ணெதிரிலேயே வண்டியில் ஏற்றினேன். அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "கனமா இருந்தா குடுங்க, நான் தூக்கறேன்" என்று வேறு சொன்னார்.

அந்த மனிதர் பெயர் செல்மர் ஹாகன். எங்கள் குஞ்சு பொரிப்பகத்துக்குத் தீவன மூட்டை கொண்டுவருபவர். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். வண்டிக் கதவில் நசுங்கி ஒரு கையின் மோதிர விரல் வாத்து முட்டை மாதிரி வீங்கி நின்றுவிட்டது, அதைத் தவிர உடம்பில் பழுதில்லை. சண்டைக் காலத்தில் இத்தாலியில் இருந்தாராம். மாட்டுத்தலைப் படையில். காலில் குண்டு பட்டுத் திரும்பிவந்து, கடைசி வருஷம் நெப்ராஸ்காவில் ராணுவக் கிடங்கில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தாராம். அவர் சொன்னது இவ்வளவுதான். நான் கேட்காமல் இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டிருக்கிறார். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். என்ன விஷயம் என்பது உனக்குத் தேவையில்லை. அவர் சொன்னது நிஜமா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரன் டுவேன் இருபத்திரண்டு வருஷம் வியாழக்கிழமைதோறும் பந்து உருட்டி ஆடப் போகிறேன் என்று போனான். அவன் சவ அடக்கத்தில் அந்த ஆட்டக்காரர்களிடம் போய் நன்றி சொன்னேன். அவர்களில் ஒருவனுக்கும் டுவேன் யாரென்று தெரியவில்லை. அதற்கப்புறம் யார் சொன்னாலும் வாய்ச்சொல் எனக்குச் செல்லாது.

நான் குஞ்சைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்கிறவள். நீ பழைய ராணுவக் கோட்டைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன். சொல்லு பார்ப்போம். கோட்டு என் சமையலறைக் கதவில் தொங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறது. அதில் ஒரு பறவை இருக்கிறது. அதற்கு நம் குட்ரூன் அத்தையின் மூக்கு.

பூனையை விசாரித்ததாகச் சொல்லு.

உன் தங்கை
வெர்னா


ஆஸ்டோரியா, ஓரிகன்
1976 மார்ச் 19

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

ஆசிகள். முழங்கால் பாதி மடங்குகிறது. பூனை நலம். உன் கடிதம் கிடைத்தது, அதைப் படித்ததில் தலைவலியும் கிடைத்தது.

"ஒரு பறவை" என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷமாக இந்தத் துணிகளைச் சேர்க்கிறேன், என் அறையில் நாற்பது கோட்டு இருக்கிறது, ஒருவரும் எனக்கு இப்படி எழுதியதில்லை. எந்தப் பறவை, எங்கே, எந்தப் பக்கம்? வட்டத்துக்குள் தங்க நூலில் கழுகு என்றால், சண்டை முடிந்து முறையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்குத் தைத்துக் கொடுத்தது அது. சிப்பாய்கள் அதைக் கேலியாக வாத்து என்பார்கள். வாத்துக்கு ஒரு இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு இடம் உண்டு. ராணுவத்தில் எவனும் தனக்குப் பிடித்த இடத்தில் எதையும் தைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கோட்டைப் படிக்க முடிகிறது. இந்தத் தோளில் இருப்பது ஒன்று சொல்லும், அந்தத் தோளில் இருப்பது வேறொன்று சொல்லும். பக்கம் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

ஆகவே, தயவுசெய்து, எது எந்தப் பக்கம் என்று ஒழுங்காக எழுது. தோள், மார்புப் பை, மணிக்கட்டு, பட்டன். உள்பாக்கெட்டில் அளவு எழுதிய துணிச்சீட்டு இருக்கும், அதையும் பார். கோட்டைத் துவைக்காதே. இஸ்திரி போடாதே. எதையும் பிரித்துத் தைக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

நாட்டுக்கு இருநூறு வயது ஆகிறது என்று இந்த வருஷம் எல்லாரும் பரணைக் கிளறுகிறார்கள். இந்த மாதத்தில் மட்டும் மூன்று போலிகள் என்னிடம் வந்தன. ஒருவன் கப்பற்படைத் தொப்பிக்குக் காலாட்படைச் சின்னம் குத்தியிருந்தான்.

அந்த ஆள் உன் வண்டியை விலைக்குக் கேட்கிறான் என்றால், அதற்கு இவ்வளவு துப்பறிதல் தேவையா என்று யோசி. குளிரில் வெளியே அலையாதே.

உன் அண்ணன்
ஆர்விட்


எல்க் ரிட்ஜ்
1976 ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே எழுதவும். தலைவலிக்குக் குட்ரூன் அத்தை வெங்காயத்தை நெற்றியில் கட்டுவாள். உனக்கு வெங்காயம் போதுமா, மூட்டையாக வேண்டுமா?

கோட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில்கூட எழுதாத ஒழுங்கோடு எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு இது போதும் என்று நினைத்துப் படி.

இடது தோளில் கருப்புப் பானை மாதிரி ஒன்று, அதன்மேல் சிவப்பாக மாட்டு மண்டை. வலது தோளில் வெள்ளையில் நீல நட்சத்திரம், சுற்றிச் சிவப்பு. குட்ரூன் அத்தை, அதாவது உன் வாத்து, இடது பைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாள். வலது பைக்கு மேலே நீளமான நீலக் கட்டம், அதில் ஒரு பழைய துப்பாக்கி. அதன் கீழே நிறநிறமாகத் துணிப் பட்டிகள், ஒன்று ஊதா. வலது மணிக்கட்டுக்கு மேலே நாலு தங்கக் கோடு, சின்னதாக, ஒன்றன்மேல் ஒன்று. பட்டன்கள் இடது பக்கம், பட்டன் துளைகள் வலது பக்கம். துணிச்சீட்டு துவைத்துத் துவைத்துக் கைக்குட்டை மாதிரி வெளுத்துவிட்டது, ஒரு எழுத்தும் இல்லை.

எழுத்தில் புரியாவிட்டால் இருக்கட்டும் என்று மளிகைக் காகிதப் பையைக் கிழித்து அதில் படமும் போட்டிருக்கிறேன். உனக்கு ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன், படத்தை அதைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறேன். ஜாமைத் தின்று படத்தைப் பார், அல்லது படத்தைப் பார்த்து ஜாமைத் தின்று தொலை.

போன சனிக்கிழமை செல்மர் வந்து கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். கோட்டை அவசரமாகப் பாய்லர் அறையில் ஒளித்தேன். மூன்று துண்டு கேக் தின்றார். "திரை துவைக்க இவ்வளவு நாளா?" என்று கேட்டார். நல்ல திரைக்கு நாள் ஆகும் என்றேன்.

வண்டியைப் பற்றி நான் எங்கே எழுதினேன்?

வெர்னா


ஆஸ்டோரியா
1976 ஏப்ரல் 14

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பார்சல் வந்தது, நன்றி. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டதால் பாட்டிலைப் பிரிக்காமல் நிலவறையில் வைத்திருக்கிறேன். நீ எழுதியதே போதும், படம் தேவைப்படவில்லை.

சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது. கோட்டு போலி.

பட்டிகளும் துப்பாக்கிச் சின்னமும் இதயத்தின் மேல், இடது பைக்கு மேலே இருக்க வேண்டும். வலது பக்கம் என்கிறாய். வாத்து வலது பைக்கு மேலே. நீ இடது என்கிறாய். கடல் கடந்து போனதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு கோடு, அது இடது கையில். உன் கோட்டில் வலது கையில். எந்தப் படையோடு சண்டை போட்டானோ அது வலது தோளில் வரும், கடைசியாக இருந்த இடம் இடது தோளில். அந்த ஆளின் கதைப்படி சண்டை போட்ட படையின் மாடு வலது பக்கமும் கிடங்கு வேலையின் நட்சத்திரம் இடது பக்கமும் இருக்க வேண்டும். தலைகீழாக இருக்கிறது.

கடைசியாகப் பட்டன். வெர்னா, உட்கார்ந்துகொண்டு படி. பட்டன் இடது பக்கம், துளை வலது பக்கம் என்றால் அது பெண்களுக்குத் தைத்தது. சண்டைக் காலத்தில் ராணுவத்தில் பெண்களும் இருந்தார்கள், தட்டச்சு செய்தார்கள், வண்டி ஓட்டினார்கள். அவர்களில் ஒருத்தியின் கோட்டை எங்கேயோ பிடித்து, பழைய சாமான் கடையின் தகரப்பெட்டியில் கிடந்த சின்னங்களை எல்லாம் தைத்திருக்கிறான்.

மற்றதை விடு. அந்த ஊதாப் பட்டி காயம்பட்டவனுக்குக் கொடுப்பது. அதை ஒருவன் சும்மா எடுத்துத் தைத்துக்கொள்வதை என்னால் பொறுக்க முடியாது.

வண்டியை அவனுக்குக் கொடுக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்விட்


எல்க் ரிட்ஜ்
1976 ஏப்ரல் 22

அண்ணனுக்கு,

நலம் எல்லாம் அப்புறம்.

நிச்சயமாகத்தான் சொல்கிறாயா? செல்மர் இரண்டு நாற்காலி அகலம். பெண்கள் கோட்டில் அவர் ஒரு கையை நுழைத்திருந்தால்கூடத் தையல் விட்டிருக்கும். அந்த வயதில் ஒல்லியாக இருந்திருக்கலாம் என்பாய். இருந்தாலும் அந்தத் தோளை யார் ஒல்லியாக்குவது?

நான் ஆயிரம் குஞ்சு பார்த்தால் மூன்று தப்பும். ஆறு வாரம் கழித்து நான் பெட்டை என்று அனுப்பியது வேலிமேல் ஏறிக் கூவும். பண்ணைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெர்னா, உன் பெட்டை பாடுது, கேளு" என்பார். உனக்கு ஆயிரத்தில் மூன்று தப்பாதா?

சின்னங்களை அவர் அம்மா தைத்ததாக ஒருமுறை சொன்னார். அம்மாக்கள் பக்கம் மாற்றித் தைக்க மாட்டார்களா? நம் அம்மா உனக்கு இரண்டு இடது கையுறை பின்னியதை மறந்துவிட்டாயா?

இன்னொன்று. தட்டைப் பாதத்தைப் பார்த்து ராணுவம் திருப்பி அனுப்பிய உனக்கு, வேறொருத்தர் ஊதாப் பட்டிமேல் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது?

பதில் போடு. சீக்கிரம் போடு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வெர்னா


ஆஸ்டோரியா
1976 மே 1

வெர்னாவுக்கு,

நிச்சயமாகத்தான் சொல்கிறேன். ஒன்று மாறியிருந்தால் அம்மா தைத்தது என்பேன். இரண்டு மாறியிருந்தால் கண் தெரியாத அம்மா என்பேன். ஆறுக்கு ஆறும் தப்பு. அது அம்மா இல்லை.

ஆர்விட்


எல்க் ரிட்ஜ்
1976 மே 30

அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. செல்மர் கேட்டது என்னை.

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பாய். எழுதியிருந்தால் நீ கோட்டைப் பார்த்திருக்க மாட்டாய், ஆளைப் பார்த்திருப்பாய். எனக்குக் கோட்டைப் பார்க்கிற கண்தான் வேண்டியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன், அவர் மூட்டை இறக்குகிற இடத்துக்கே போய்க் கோட்டைக் கொடுத்தேன். மடித்துத்தான் கொடுத்தேன்.

"இது உங்க கோட்டு. திரையோட வந்துடுச்சு."

"ரெண்டு மாசமா வந்துக்கிட்டிருந்ததா?"

"என் அண்ணன்கிட்ட விசாரிச்சேன். அவனுக்கு இதெல்லாம் தெரியும். சின்னமெல்லாம் பக்கம் மாறியிருக்காம், இது பொம்பளைங்க கோட்டாம்."

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நான் யாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒருத்தன் என்னை இருபத்திரண்டு வருஷம் ஏமாத்தினான் செல்மர். இன்னொரு இருபத்திரண்டுக்கு எனக்கு வயசில்ல. ஜூலை வரைக்கும் காத்திருக்க வேணாம். என் பதில், வேணாம்ங்கறதுதான்."

"நீங்க என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"டுவேனையும் கேட்டேன். வியாழக்கிழமைதோறும் கேட்டேன்."

அவர் கோட்டை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மீதி மூட்டைகளையும் இறக்கினார். இறக்கி முடித்து, தவறாமல் சொல்கிற மாதிரி, "கதவைச் சாத்திக்குங்க, குஞ்சுக்குக் குளிரும்" என்றார். அவ்வளவுதான். இப்போது தீவனத்தை வேறு ஒரு ஆள் கொண்டுவருகிறான். அவன் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போகிறான்.

உன் அறிவுக்கு நன்றி. இதை நான் கேலியாக எழுதவில்லை. கேலியாக எழுத இப்போது வரவில்லை.

வெர்னா


எல்க் ரிட்ஜ்
1976 ஜூன் 4

மதிப்புக்குரிய திரு. ஆர்விட் ராஸ்முசன் அவர்களுக்கு,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன். நானும் போன மாதம் வரை நலமாகத்தான் இருந்தேன். விலாசம் சர்ச் பதிவுப் புத்தகத்தில் எடுத்தது.

நான் ஒரு பெண் என்று நீங்கள் கண்டுபிடித்ததாக உங்கள் தங்கை சொன்னார். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது புதுச் செய்தி. இத்தாலியில் என்னோடு ஒரே குழியில் இரண்டு குளிர்காலம் படுத்திருந்த ஆட்களுக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

சின்னங்களை என் அம்மா தைத்தார். ராணுவம் கொடுத்த தாளை மேசையில் விரித்து, அதன்மேல் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்து, வரிவரியாகப் படித்துத் தைத்தார். மாடு வலது தோளில் இருக்கிறது. நட்சத்திரம் இடது தோளில். வாத்து வலது பக்கம். பட்டிகள் இடது பக்கம். இதை எழுதுமுன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பட்டன் மட்டும் போட முடியவில்லை. அது ராணுவத்தின் குற்றமில்லை.

உங்களிடம் நாற்பது கோட்டு இருப்பதாகக் கேள்வி. எனக்கு இருப்பது ஒன்று. நீங்கள் கேட்டிருந்தால் எனக்குப் பட்ட காலையும் காட்டியிருப்பேன். அதைத் தபாலில் அனுப்ப வழியில்லை.

உங்கள் தங்கைக்கு நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. அவரைக் குறை சொல்லவும் இல்லை. நீங்கள்தான் எனக்குப் புரியவில்லை.

இப்படிக்கு,
செல்மர் ஹாகன்


ஆஸ்டோரியா
1976 ஜூன் 13

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

நீ நலமா? முழங்காலை விடு.

செல்மர் ஹாகன் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மாடு வலது தோளில் இருக்கிறது என்கிறார். துணிச்சல்தான் என்று நினைத்தேன். காரமாக ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன். உன் படத்தையே சாட்சியாக வைத்து அனுப்பலாம் என்று நிலவறைக்குப் போய் ஜாம் பாட்டிலைப் பிரித்தேன்.

படம் நன்றாக இருக்கிறது. காகிதத்தின் இடது ஓரத்தில் "இடது" என்று எழுதியிருக்கிறாய். வலது ஓரத்தில் "வலது" என்று எழுதியிருக்கிறாய். இடது ஓரத்துத் தோளில் மாடு.

வெர்னா, கோட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன் என்று நீ எழுதினாயே. நீ எழுதியதெல்லாம் உன் இடது. ராணுவத்தில் இடது என்றால் போட்டுக்கொண்டவனின் இடது. தையற்காரனுக்கும் அப்படித்தான். இந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

உன்மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. தப்பு என்னுடையது. ஆறுக்கு ஆறும் தப்பு என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போலி செய்கிறவன் இரண்டையாவது சரியாகச் செய்துவிடுவான். ஆறையும் ஒன்றுவிடாமல் மாற்றித் தைக்க, முறை முழுசாகத் தெரிந்தவனால்தான் முடியும். புதிதாகத் துணி சேர்க்கிற பையன்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுப்பதுண்டு. கோட்டு அசல். காலாட்படை, இரண்டு வருஷம் கடல் கடந்து, காயம். அவர் சொன்னதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். நாற்பத்திரண்டாம் வருஷம் ராணுவத்துக்கு ஆள் எடுத்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனுக்கு ஒரு கோட்டு கொடுத்தார்கள். பின்னால் நின்றவனுக்கும் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இத்துடன் அவருக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. ஆவி காட்டிப் பிரிக்காதே.

ஜாம் நன்றாக இருந்தது. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

உன் அண்ணன்
ஆர்விட்


எல்க் ரிட்ஜ்
1976 ஜூன் 23

அன்புள்ள மூத்த மடையனுக்கு,

இளைய மடைச்சி எழுதுவது. இருவரும் நலம் என்று வைத்துக்கொள்வோம்.

நாற்பது கோட்டு வைத்திருக்கிறாய், யாருடைய இடது என்று ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லை. ஒரு பாட்டிலைப் பிரிக்க இரண்டு மாதம். சர்க்கரை வியாதி வந்தவன் ஜாமைத் தின்ன வேண்டாம், காகிதத்தைப் பார்க்கக் கூடாதா? நானும் அப்படித்தான், கோட்டுக்குள் ஒரு ஆள் இருப்பான், அவனுக்கும் இடது வலது உண்டு என்று எனக்கு எங்கே தோன்றியது? கதவில் தொங்கும்போது அது கதவாகத்தான் தெரிந்தது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திரைகளையும் எடுத்துப் போனேன், இஸ்திரி போட்டு. வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். எனக்கே புரியாமல் போய்விட்டது. கைகளைக் காட்டி, திரும்பி நின்று, "இது என் இடது, நீங்க எதிர்ல நின்னா அது உங்க வலது" என்று நான் சுற்றிக்கொண்டிருப்பதை எதிர்வீட்டு மில்ட்ரெட் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் நான் ஆடினேன் என்று செய்தி.

செல்மர் உள்ளே போய்க் கோட்டைக் கொண்டுவந்தார். "போட்டுக்குங்க" என்றார்.

போட்டுக்கொண்டேன். கம்பளி கடித்தது.

"இப்ப வாத்து எந்தப் பக்கம்?"

தடவிப் பார்த்தேன். "வலது."

"மாடு?"

"வலது தோள்."

"பட்டன்?"

"ஆம்பளை பட்டன்தான்" என்றேன். "உங்க கோட்டுக்கு மட்டும் நாக்கு இருந்தா என்னைத் திட்டியிருக்கும்."

"கோட்டுக்கு இல்ல, எனக்கு இருக்கே" என்றார். ஆனால் திட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அதில் என்ன எழுதினாய் என்று சொல்லவில்லை, மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். இடது பை. அவருடைய இடது.

"அப்ப என் பதிலை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். கேட்கும்போது பல்லைக் காட்டத்தான் பார்த்தேன் அண்ணா, பல் ஒத்துழைக்கவில்லை.

அவர் நெடுநேரம் அந்த வீங்கின விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மூணு மாசம் நீங்க யோசிச்சீங்க. நான் பத்து நாள் யோசிக்கறேன். ஜூலை நாலு ஊர்வலத்துல சொல்றேன்."

நியாயம்தான். அந்த நியாயத்தால் எனக்குத் தூக்கம் போச்சு. நேற்று இருநூறு பெட்டைகளைச் சேவல் தட்டில் போட்டேன்.

ஊர்வலத்துக்கு வா. வந்து உன் மூஞ்சியைக் காட்டு.

வெர்னா


ஆஸ்டோரியா
1976 ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

வர முடியாது. முழங்கால் வீங்கிவிட்டது, டாக்டர் பாட்டிலையும் பார்த்துவிட்டார்.

ஹாகன் என்ன சொன்னார் என்று உடனே எழுது. உடனே என்றால் அன்றைக்கே. ஊர்வலத்தில் அவர் கோட்டுக்குப் பட்டன் போட முயல வேண்டாம் என்று சொல்லு, அந்தக் காலத்து நூல் தாங்காது.

இத்துடன் கெட்டிக் காகிதத்தில் ஒரு சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன்: அணிந்தவரின் இடது, அணிந்தவரின் வலது. இதைக் கைப்பையில் வைத்துக்கொள். எதிரே ஒரு ஆள் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்.

ஆர்விட்


எல்க் ரிட்ஜ்
1976 செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் மூன்று தபால் அட்டைகளும் கிடைத்தன. கடைசி அட்டையில் "என்ன ஆயிற்று" என்பதை ஆறு முறை எழுதியிருந்தாய். காத்திருப்பது எப்படி இருக்கிறது என்று உனக்கும் தெரியட்டும் என்று விட்டுவைத்தேன். இப்போது சொல்கிறேன்.

ஊர்வலத்தில் பழைய சிப்பாய்கள் பதினேழு பேர் நடந்தார்கள். மேளக்காரப் பிள்ளைகளுக்குப் பின்னால், தீயணைப்பு வண்டிக்கு முன்னால். செல்மர் கோட்டைப் பட்டன் போடாமல் திறந்தே விட்டிருந்தார். நான் வங்கிக்கு எதிரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மில்ட்ரெட். என் முன்னால் வந்ததும் வரிசையைவிட்டு இரண்டு எட்டு வெளியே வந்து, "சரி" என்றார். மறுபடி வரிசைக்குப் போய்க் கால் மாற்றிச் சேர்ந்துகொண்டார். "எதுக்கு சரிங்கறாரு?" என்று மில்ட்ரெட் கேட்டாள். தீயணைப்பு வண்டி சங்கு ஊதிவிட்டதால் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த தெருவுக்குப் போய் அழுதுவிட்டு வந்து, ஒரு தட்டு உருளைக்கிழங்கு சாலட் தின்றேன்.

போன சனிக்கிழமை சர்ச்சில் கல்யாணம் முடிந்தது. உன் முழங்காலை உத்தேசித்துத்தான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நொண்டிக்கொண்டாவது வந்திருப்பாய். அவர் நல்ல கறுப்பு உடுப்பு போட்டிருந்தார். உன் கடிதம் அதன் உள்பையில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் சொல்ல மறுக்கிறார். "ஆர்விட் என்கிட்ட சொன்னது ஆர்விட்டுக்கும் எனக்கும்" என்கிறார். டுவேன் ஒளித்துவைத்தபோது எனக்கு எரிந்தது. இவர் ஒளித்துவைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

மோதிரம் மாற்றுகிற நேரம் வந்தது. பாதிரியார் அவரையும் என்னையும் எதிரெதிரே நிற்கவைத்தார். மணமகனின் இடது கையில் போடுங்கள் என்றார். நீ வெட்டிக் கொடுத்த காகிதச் சட்டை என் கைப்பையில் இருந்தது. கைப்பை வண்டியில் இருந்தது. செல்மர் இரண்டு கையையும் நீட்டினார், மரியாதைக்கு. நான் இடது பக்கம் இருந்த கையைப் பிடித்தேன்.

அது அந்த வீங்கின விரல் கை. கணுவில் கொஞ்சம் தடுத்தது. குஞ்சு பிடித்துப் பழகிய கை என்னுடையது, ஒரு தள்ளில் ஏறிவிட்டது.

பாதிரியார், "மற்றொரு கை" என்றார்.

கழற்ற முதலில் சோப்புப் போட்டோம். பிறகு சர்ச் சமையலறையிலிருந்து வெண்ணெய் கொண்டுவந்தார்கள். வெண்ணெய் தீர்ந்ததும் விருந்தினர்கள் சாப்பிடப் போனார்கள். மோதிரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் தங்கை
வெர்னா ஹாகன்